என் பெயர் இருந்த புத்தகம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அப்போது நாலு சுவர் இருக்கவில்லை. கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில், இடுப்பளவு அரைச்சுவர், ஒரு கரும்பலகை, ஒரு வாத்தியார். மல்லாவியிலிருந்து நாலு மைல்கட்டை உள்ளே, காடு வெட்டி, குளத்துத் தண்ணீர் பாய்ச்சி அரசாங்கம் பிரித்துக் கொடுத்த காணிகள் அவை. யாழ்ப்பாணத்தில் காணியில்லாதவர்கள் பெயர் கொடுத்து வந்து குடியேறியிருந்தார்கள். ஐயாவும் அப்படி வந்தவர்தான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வயலும் மேட்டுக்காணியும் ஒரு சின்ன வீடும் கிடைத்தன. புத்தகம் ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். வயது எட்டு முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் பெற்றோரை எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார்.

"பிள்ளையள் பாடப் புத்தகத்தைப் பாடமாக்கிப்போட்டினம். இப்ப அதைத் தலைகீழாய்ப் பிடிச்சுக்கொண்டும் வாசிக்கினம். இது வாசிப்பில்லை. வீட்டிலை இருக்கிறதிலை நல்ல புத்தகமாய் ஆளுக்கொண்டு குடுங்கோ" என்றார்.

"நல்ல புத்தகம் எண்டா எப்பிடி, வாத்தியார்?" என்று பின்னால் இருந்து யாரோ கேட்டார்கள்.

வாத்தியார் விரல் மடித்துச் சொன்னார். எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும். வரி சின்னதாக, பாடக்கூடியதாக இருந்தால் நல்லது. படம் ஒன்றாவது இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தெரிந்த ஆட்கள் அதில் வரவேண்டும். தன்னுடைய பெயரே வந்துவிட்டால் பிள்ளை புத்தகத்தைக் கீழே வைக்காது. கடைசி விரலை மடிக்காமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "முக்கியமானது இதுதான். பெரியாக்கள் முதல் வாசிச்சுப் பாத்திட்டுத்தான் பிள்ளையின்ரை கையிலை குடுக்கோணும்" என்றார். அங்கிருந்த பெரியவர்களில் பாதிப்பேருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அடுத்த கிழமை வந்து சேர்ந்த புத்தகங்களை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். இரண்டு பஞ்சாங்கம். பூச்சிமருந்துப் போத்தலோடு வரும் கடதாசித் துண்டு. ஒருவர் தன் காணிப் பெர்மிற்றையே பத்திரமாகத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். "இதைவிட நல்ல புத்தகம் என்ரை வீட்டிலை இல்லை, வாத்தியார். ஆனா பின்னேரம் திருப்பித் தந்திடோணும்" என்றார். முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவந்து விற்கும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், பழைய கலண்டர்களைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். "எழுத்துச் சின்னந்தான். படத்தைப் பாத்தா எழுத்தே வேணாம்" என்று அவர் சொல்ல, வாத்தியார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டிலிருந்து ஒன்றும் போகவில்லை. நான் கேட்டதும் ஐயா மண்வெட்டிக்கு ஆப்பு இறுக்கிக்கொண்டே, "எங்கடை வீட்டிலை புத்தகம் ஒண்டும் இல்லை" என்றார். குசினி வாசலில் நின்ற அம்மா, மூலையில் கிடந்த தகரப்பெட்டியை ஒருதரம் பார்த்தார். பிறகு அவசரமாக உலைப்பானையைப் பார்த்தார். அந்த இரண்டு பார்வையையும் நான் கண்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பங்கு கிடைத்தது பூச்சிமருந்துத் துண்டு. கண்ணில் பட்டால் உடனே கழுவ வேண்டும் என்பதை நான் மூன்று நாள் வாசித்தேன். நாலாம் நாள் பள்ளி விட்டு வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. ஐயாவும், எங்களோடு இருந்த அம்மாவின் தம்பி மாமாவும் வயலில். அம்மா வாய்க்காலில் துணி தோய்த்துக்கொண்டிருந்தார். ஒரு வயதுத் தங்கச்சி சேலையில் கட்டிய ஏணையில் நித்திரை. மழை விட்டு, வெயிலும் வராமல், காடு முழுக்க ஆவி எழும்புகிற மத்தியானம் அது. எங்கள் வேலிக்கு அப்பால் பத்து முழத்தில் காடு தொடங்கிவிடும். வெட்டி எரித்த பாலைமரக் குற்றிகள் கரியாக நிற்கும். அந்த நேரத்தில் அங்கே ஒரு குருவியும் சத்தம் போடாது.

பெட்டியைத் திறந்தேன். கூறைச்சேலைக்கு அடியில், கற்பூர வாசத்தோடு, மஞ்சள் துணியில் சுற்றி, மெல்லிய புத்தகம் ஒன்று இருந்தது.

வாத்தியார் சொன்னது எல்லாம் அதில் இருந்தது. எழுத்துப் பெரிது. வரிகள் சின்னன், பாட்டுப் பாட்டாக இருந்தன. மேலட்டையில் படமும் இருந்தது. சுற்றிவரக் கறுப்புக் கோடு தடிப்பாகப் போட்டு, நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பெண்ணின் முகம்.

அது அம்மாவின் முகம். அம்மாவின் நெற்றி, அம்மாவின் மூக்கு. ஆனால் அம்மா அப்படி நேராக யாரையும் பார்க்க மாட்டார். இந்த முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே ஒரு பெயர். அது அம்மாவின் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. ஐயா "இஞ்சாரும்" என்பார். அயலவர்கள் என் பெயரைச் சொல்லி, இன்னாருடைய அம்மா என்பார்கள். மாமா மட்டும் "சின்னக்கா" என்று கூப்பிடுவார். சின்னக்கா ஒருவர் இருந்தால் பெரியக்கா எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

புத்தகத்தைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு போய், மாமாவின் மாட்டுவண்டிக் கூண்டுக்குள் ஏறி இருந்தேன். நடுவில் ஒரு பக்கம் தானாக விரிந்தது. பலதரம் விரித்த பக்கமாக இருக்க வேண்டும். அங்கே 'மகன்' என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் 'புலம்பல்' என்று இருந்தது.

அம்மா எனநானும் ஆரை அழைப்பேனோ
சும்மா அசைந்தாடும் தொட்டில் அருகினிலே
விம்மி அழுதாலும் வேறார் அணைப்பாரோ
எம்மை மறந்தெங்கே ஏகினீர் எந்தாயே

என் பெயரை அச்சில் கண்டது அதுதான் முதல் தரம். முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு மெல்ல மெல்ல, அந்தப் பாட்டில் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது விளங்கியது. நான் அப்படி ஒன்றும் சொன்னதில்லை. அழுததும் இல்லை. அடுத்த பக்கத்தில் 'கணவர் புலம்பல்' என்று இருந்தது. காலில் கோடரி பட்டபோதுகூடச் சத்தம் போடாத ஐயா, அங்கே பதினாறு வரிக்கு அழுதிருந்தார்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளில் அவரைப் பற்றிப் பாட்டுக் கட்டுவித்து, உறவினர் ஒவ்வொருவரும் அழுவதுபோல எழுதுவித்து, அச்சடித்துக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்பார்கள். அது எனக்குத் தெரியாது. எங்கள் குடியேற்றத்தில் அச்சடிக்கிற அளவுக்கு வசதியாக அதுவரை ஒருவரும் சாகவில்லை.

எனக்குத் தெரிந்த அச்சடித்த காரியம் பஞ்சாங்கம்தான். அதில் இனி நடக்கப்போவதை முன்கூட்டியே போட்டிருப்பார்கள். முந்திய வருடம் சந்திரகிரகணம் என்று போட்டிருந்தது. சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் சந்திரனைப் பாம்பு பிடித்தது, எல்லோரும் முற்றத்தில் நின்று பார்த்தோம். அச்சில் வந்தது நடக்கும். அப்படியென்றால் இதுவும் நடக்கும். அம்மா சாகப்போகிறார். நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விம்மி விம்மி அழப்போகிறேன். தொட்டில் என்றது தங்கச்சியின் ஏணையைத்தான் என்றும் முடிவு செய்தேன்.

முதற்பக்கத்தில் நாளும் போட்டிருந்தது. நாலு வரிப் பாட்டில் பாதி விளங்கவில்லை. விளங்கியது கார்த்திகை, தேய்பிறையைச் சொல்லும் அபரபக்கம், பஞ்சமி. கார்த்திகை மாதம் பிறக்க மூன்று நாள்தான் இருந்தது. வருடத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. நாங்கள் இருக்கிற வருடத்துக்கு என்ன பெயர் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆகவே அது இந்த வருடமாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னும் ஒரு வழி இருந்தது. அந்தப் பெயர் அம்மாவின் பெயர் இல்லையென்றால் அந்தப் படமும் அம்மா இல்லை. அடுத்த நாள் மத்தியானம் அம்மா வேலியோரம் கீரை பிடுங்கிக்கொண்டிருந்தார். வேலி நீளக் கார்த்திகைப் பூ, நெருப்பை விரித்துப் பிடித்ததுபோலப் பூத்துக் கிடந்தது. நான் பின்னால் பத்தடி தள்ளி நின்று, அட்டையில் இருந்த பெயரை மெல்லக் கூப்பிட்டேன்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. கீரைக்கட்டு நழுவி விழுந்தது. திரும்பினார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலால், காட்டைப் பார்த்தார். அங்கே கரிக்குற்றிகளைத் தவிர ஒன்றும் இல்லை. அம்மாவின் முகம் அப்போது அட்டையில் இருந்த முகம்போலவே இருந்தது.

"ஆர் கூப்பிட்டது?" என்றார், மிகவும் மெல்ல.

"ஒருத்தரும் கூப்பிடேல்லை அம்மா."

"உனக்குங் கேட்டதோ?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். அம்மா இன்னும் கொஞ்ச நேரம் காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கீரையைப் பொறுக்கினார். இரண்டு இணுக்கை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அது அவருடைய பெயர்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் செய்யக்கூடியதெல்லாம் செய்தேன். முதற்பக்கத்தில் நாளைச் சொன்ன அந்த மூன்று சொற்களையும் அடுப்புக்கரியால் அழித்தேன். கரி மினுங்கியதே தவிர, அதற்கடியில் எழுத்து இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. புத்தகத்தைப் பெட்டியில் திருப்பி வைக்கப் பயமாக இருந்தது. வெளியே வைத்திருக்கவும் பயமாக இருந்தது. வண்டிக் கூண்டின் ஓலைக்குள் செருகி வைத்தேன். தங்கச்சி இல்லாத ஏணை காற்றில் தானாக ஆடினால் ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்துவேன். அம்மா வாய்க்காலுக்குப் போனால் பின்னால் போனேன், விறகுக்குப் போனாலும் போனேன். "இவன் என்ன, வால் மாதிரி இழுபடுறான்" என்று ஐயா எரிச்சல்பட்டார். அந்த நாட்களில் அம்மாவும் அதிகம் கதைக்கவில்லை.

பஞ்சமி எப்போது வருகிறது என்று ஒருவரிடமாவது கேட்டுத்தான் ஆகவேண்டும். மாமாவிடம் கேட்டேன். மாமா பகிடிக்காரர். மாட்டுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தவர், "என்ன மருமோன், பொம்பிளை பாக்கப் போறியோ? நாள் நட்சத்திரம் எல்லாம் கேக்கிறாய்" என்றார்.

"கார்த்திகை அபரபக்கப் பஞ்சமி" என்றேன்.

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தவிட்டுக் கையோடு நிமிர்ந்தார்.

"அந்தப் பஞ்சமியிலை உனக்கென்ன அலுவல்? ஆர் சொன்னது உனக்கு?"

"ஒருத்தருஞ் சொல்லேல்லை. சும்மா கேட்டனான்."

"வாற வியாழன்" என்றார். பிறகு கையை உதறிக்கொண்டு, "உதைப் பற்றிக் கொம்மாட்டைக் கேட்கக்கூடாது. விளங்கிச்சோ?" என்றார்.

விளங்கியது. மாமாவுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள்.

புதன்கிழமை அதுவும் பிழை என்று கண்டேன். அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. காலையில் தொடங்கி வீடு முழுக்கச் சாணம் தெளித்து மெழுகினார். பாத்திரங்களைப் புளி போட்டு மினுக்கினார். ஐயா வாழையிலை வெட்டிவந்து திண்ணையில் வைத்தார். அன்று பின்னேரம் அவர்கள் இரண்டு பேரும் குசினிக்குள் கதைத்தது எனக்குக் கேட்டது.

"றோட்டெல்லாம் வெள்ளம். பஸ் இல்லை. இந்த முறை கீரிமலைக்குப் போகேலாது" என்றார் ஐயா. கீரிமலை, யாழ்ப்பாணத்தில் செத்தவர்களுக்குக் கடன் கழிக்கிற தீர்த்தம் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்தில் ஐயா ஒருநாள் தனியாக யாழ்ப்பாணம் போய் வருவார். விதைநெல் அலுவலாக என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இஞ்சையே செய்வம். அவன்ரை கையாலை செய்யட்டும்" என்றார் அம்மா.

"அவனுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"ஒண்டுஞ் சொல்ல வேண்டாம். தண்ணி இறைக்கட்டும். பெத்த கடன்."

பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு, நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டாம், தலை முழுக வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். "ஒரு அலுவல் இருக்கு மோனை" என்றார். அவர் கை என் தலையில் கொஞ்சம் கூடுதலாக நின்றது.

வியாழக்கிழமை விடியவே மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா எனக்கு முன்னமே முழுகியிருந்தார். வெளுத்த சேலை ஒன்று கட்டியிருந்தார். தலைமயிர் முடியாமல் முதுகில் ஈரமாகக் கிடந்தது. ஒன்றும் சாப்பிடவில்லை. சமைத்த கறிகளை உப்புப் பார்க்கவும் இல்லை. எனக்கு அது எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. சாகப்போகிறவர்களுக்கு உப்பு எதற்கு என்று நினைத்தேன்.

முற்றத்தில் வாழையிலை விரித்தார்கள். சோறு, கத்தரிக்காய்க் கறி, பாகற்காய், பருப்பு, வடை, பாயாசம். குத்துவிளக்கு. இலைக்கு முன்னால் ஒருவரும் இருக்கவில்லை. ஐயா என் விரலில் தர்ப்பையை முறுக்கி மாட்டினார். உள்ளங்கையில் எள்ளு வைத்தார். மாமா செம்பில் தண்ணீரோடு நின்றார். மழைத் தூறலில் விளக்குச் சுடர் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

"கையைச் சரிச்சுப் பிடி. தண்ணி விட விட, எள்ளு விரலாலை வழிஞ்சு விழோணும்" என்றார் ஐயா.

"ஆருக்கு?" என்று கேட்டேன்.

ஐயா மாமாவைப் பார்த்தார். "பெரியாக்களுக்கடா" என்றார் மாமா. "வயசு போன ஆக்களுக்கு. கேள்வி கேட்காமல் கையைப் பிடி."

நான் கையை இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

"அம்மாவுக்கு நான் இறைக்கமாட்டன்."

நான் அதுவரை ஐயாவை எதிர்த்து ஒரு சொல்லும் சொன்னதில்லை. அடி விழும் என்றுதான் தோளைக் குறுக்கினேன். அடி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மாமாவின் கையில் செம்பு சரிந்து தண்ணீர் அவர் காலிலே ஊற்றுப்பட்டுக்கொண்டிருந்தது, அவருக்கு அது தெரியவில்லை. குசினிப் படியில் நின்ற அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் அறிஞ்சுபோட்டான் அத்தான்" என்றார் மாமா.

அம்மா இறங்கி வந்தார். எனக்கு முன்னால், ஈர மண்ணில் முழங்காலில் இருந்தார்.

"உனக்கு ஆர் மோனை சொன்னது?"

"புத்தகத்திலை கிடக்கு. பெட்டிக்குள்ளை இருந்த புத்தகத்திலை." அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. "இண்டைக்கு நீங்கள் செத்துப்போவியள் எண்டு போட்டிருக்கு. நான் அழுறன் எண்டும் போட்டிருக்கு. நான் இறைச்சா நீங்கள் போயிடுவியள். நான் இறைக்கமாட்டன். போகாதேங்கோ அம்மா."

தூறல் வாழையிலையில் விழுந்துகொண்டிருந்தது. முதலில் மாமாதான் மூச்சு விட்டார்.

"டேய் மருமோன், அது இவா இல்லையடா. அது..."

"தம்பி, நீ வாயை மூடு" என்றார் அம்மா. அம்மா யாரையும் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. மாமா வாயை மூடிக்கொண்டார்.

அம்மா என் பொத்திய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டார். என்னை வெகுநேரம் பார்த்தார். பயந்த முகமாக அது இருக்கவில்லை. யாரோ ஒரு பொருளைத் தன் கையில் தந்ததுபோல, அதை வாங்கலாமோ விடலாமோ என்று தெரியாததுபோல இருந்தது.

"பிழையாய் வாசிச்சுப்போட்டாய் மோனை" என்றார். "நீ இறைக்காட்டித்தான் கரைச்சல். நீ இறைச்சா நான் ஒரு இடமும் போகமாட்டன்."

"சத்தியமோ?"

"சத்தியம்." என் ஈரத் தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"இண்டைக்கும் போகமாட்டியளோ? நாளைக்கும்?"

"நாளைக்கும் போகமாட்டன். நாளையிண்டைக்கும் போகமாட்டன். இறை."

கையை விரித்தேன். எள்ளு வியர்வையில் ஒட்டியிருந்தது. மாமா தண்ணீர் விட்டார். என் விரல்களால் கறுப்புக் கறுப்பாக எள்ளு வழிந்து விழுந்தது. மூன்றுதரம் இறைத்தேன். ஒவ்வொருதரமும் அம்மா இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். இருந்தார். ஐயா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அவர் கோபமாக இருக்கிறார் என்று பட்டது. கூரையிலிருந்து ஒரு காகம் இறங்கி, இலையின் ஓரத்தில் வைத்த சோற்றைத் தொட்டதும், அவர் வேலிப் படலையைத் திறந்துகொண்டு, படைத்ததைச் சாப்பிடாமல், மழையில் வயலுக்குப் போய்விட்டார்.

அன்று முழுக்க நான் ஒரு வீரனைப்போல இருந்தேன். அம்மாவைச் சாவிலிருந்து மீட்டவன் நான். வடை ஐந்து சாப்பிட்டேன். நாலைந்து வருடம்வரை அப்படித்தான் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

பொழுது சரிந்தபோது மழை பலத்தது. அம்மா தங்கச்சியை மடியில் போட்டுக்கொண்டு குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தார். "அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா" என்றார். இப்போதுதான் அடி என்று நினைத்துக்கொண்டு, வண்டிக் கூண்டிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். முதற்பக்கத்துக் கரியைக் கண்டு, சேலைத் தலைப்பால் துடைத்தார். பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். எழுத்தைப் பார்த்துத் திருப்புகிற ஆளாக இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் தடவித் தடவிப் பார்த்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. தமக்கை பள்ளிக்கூடம் போக, வீட்டில் வேலைக்கு நின்ற பிள்ளை அவர்.

"இதுக்குள்ளை தங்கை எண்டு போட்ட இடம் ஒண்டு இருக்கும். அதை எடு" என்றார்.

தேடினேன். கடைசிக்கு முந்திய பக்கத்தில் இருந்தது. 'தங்கை புலம்பல்.'

"வாசி."

நெருப்பு வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

அக்கா எனைவிட்டு அகன்றெங்கே போனாயோ
பக்கம் கிடந்தழும் பாலகனை நானெடுத்து
எக்காலம் ஆனாலும் என்மகவாய்க் காத்திடுவேன்
துக்கம் அவனறியான் தூங்குவாய் நீயங்கே

முப்பத்தோராம் நாள், அழுகிற சனத்துக்கு நடுவில் யாரோ அதை ராகமிழுத்துப் பாடியபோது அம்மாவுக்கு ஒரு சொல்லும் காதில் ஏறியிருக்காது. தன் பெயரில் எழுதிய வாக்கை, தன் தமக்கை பெற்ற பிள்ளையின் வாயால், எட்டு வருடம் கழித்து அன்றுதான் முதன்முதலில் கேட்டார். எனக்கு அது வாசிப்புப் பாடமாக இருந்தது. 'மகவாய்' என்ற இடத்தில் இரண்டுதரம் தடுக்கி விழுந்தேன்.

"இன்னொருக்கால் வாசி" என்றார். வாசித்தேன். "இன்னொருக்கால்." மூன்றாம்தரம் தடுக்காமல் வாசித்துவிட்டேன். அதற்குள் எனக்குப் பொருளும் விளங்கத் தொடங்கியிருந்தது.

"அம்மா, பாலகன் எண்டா நானோ?"

"ஓம் மோனை."

"இந்தத் தங்கச்சிக்காரி என்னைத் தூக்கிக்கொண்டு போய் வளப்பாவாமோ?"

அம்மா தங்கச்சியின் தலையைத் தடவிக்கொண்டு, "அப்பிடித்தான் சொல்லியிருக்கிறா" என்றார்.

"அவா இப்ப எங்கை?"

"இஞ்சைதான் எங்கையோ இருப்பா."

நான் வாசலைப் பார்த்தேன். மழைக்கு அப்பால் காடு கறுத்துக்கொண்டு வந்தது. அம்மா சாகவில்லை, நான் மீட்டுவிட்டேன். ஆனால் அது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவள் புத்தகத்தை நம்பி என்னைத் தேடிக்கொண்டு வருவாள். அன்றைக்கு வேலியோரத்தில் அம்மா யாரைப் பார்த்தார் என்று எனக்கு அப்போது விளங்கியதாகப் பட்டது. கரிக்குற்றிகளுக்கு நடுவில் அவள் நின்றிருப்பாள்.

"அவா வந்து கேட்டா என்னைக் குடுத்துப்போடாதேங்கோ அம்மா. நான் அவாவோடை போகமாட்டன். எனக்கு அவாவை வேண்டாம்."

அம்மா அடுப்பில் ஒரு கொள்ளியை உள்ளே தள்ளினார். புகை கண்ணில் பட்டதோ என்னவோ, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குடுக்கமாட்டன்" என்றார். "ஆர் வந்து கேட்டாலும் குடுக்கமாட்டன்."

எனக்கு அது போதவில்லை. வெளியே ஏதோ கொப்பு முறிந்து விழுந்தது. நான் ஓடிப்போய் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்து, அந்தப் பெண் வந்து பிடித்து இழுத்தாலும் விடுபடாதபடி, இரண்டு கையாலும் அம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.